பொதட்டூர்பேட்டையும் பாரிஸ் மாநகரமும்

வடவெல்லை வரலாறு: பன்னிரண்டாம் அத்தியாயம்

படாஸ்கர் அவர்களின் மத்தியஸ்தத் தீர்ப்பை அனுசரித்து இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று அமலுக்கு வந்ததையும், திருத்தணியும் பள்ளிப்பட்டும் அவற்றை அடுத்த பொதட்டூர்பேட்டையும் சித்தூர் ஜில்லாவினின்று நீங்கிச் சென்னை ராஜ்யத்துச் செங்கற்பட்டு ஜில்லாவிற் சேர்ந்ததையும் சென்ற அத்தியாயத்திற் கூறி முடித்தோம். ம. பொ. சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழாரும் திருத்தணி விநாயகம் அவர்களும் வடவெல்லைக்காகப் பட்ட பாடுகளையும் அங்கே கண்டோம். அந்தப் பாடுகளைக் குறைத்துப் பேசுவது நன்றி மறந்த செயலாகும். ஆயினும், எல்லை மாறிய பிறகு பொதட்டூர்பேட்டை நெசவாளர் தெருவில் என்ன மாறிற்று என்று ஒருவர் கேட்டால், தாலூகா கச்சேரிக் காகிதங்களின் பாஷை மாறிற்று, பள்ளிக்கூடத்துப் பாடத்திட்டம் மாறிற்று, வழக்குகள் போய்ச் சேரும் கோர்ட்டு மாறிற்று என்று சொல்லலாமே யல்லாது, அதற்கு மேல் அதிகமாக எதனையும் சொல்வதற்கில்லை. கஞ்சி தோய்த்த பாவை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துக்கொண்டு இருபுறமும் நடந்த ஆட்களில் ஒருவர் தமிழில் ஆரம்பித்த பேச்சை எதிர்ப்புறத்தில் நின்றவர் தெலுங்கில் முடிப்பது, சட்டம் வருவதற்கு முன்பும் நடந்தது; பின்பும் நடந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் பெண் கொடுத்தவர்கள் பண்டிகைக்கு மாப்பிள்ளையை அழைப்பதை நிறுத்தவில்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறிய காவடிகளில் பாதி தெலுங்கு தேசத்துக் காவடிகளாகவே இருந்தன.

ராஜாங்கங்கள் மொழியை அளவுகோலாகக் கொண்டு எல்லை வகுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகத்தின் பெரிய மன்றங்களில் வேறொரு பிரயத்தனம் நடந்துகொண்டிருந்தது. எல்லைகளுக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள ஜனங்கள் ஒருவர் கலாசாரத்தை ஒருவர் அறிந்து பேசிப் பழகுவதற்கு ராஜாங்கங்களே முன்வந்து பணம் கொடுத்து, சட்டம் இயற்றி, ஸ்தாபனங்கள் நிறுவ வேண்டும் என்பதே அந்தப் பிரயத்தனம். அதனை இந்த எல்லைச் சரித்திரத்தில் சேர்ப்பதற்கு நமக்கு நியாயமான காரணம் உண்டு. அந்த மன்றங்களில் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்தவர்களில் இருவர், ஒருவர் திருத்தணியிலும் மற்றொருவர் வேலூரிலுமாக, இந்தப் பிரதேசம் பிரிக்கப்படாமல் வடஆர்க்காடு ஜில்லாவாக இருந்த நாளிலே பிறந்தவர்கள்.

அவர்களைப் பற்றிக் கூறுமுன், ராஜாங்கங்களின் தயவில்லாமலே நடந்த ஒரு சம்பாஷணையை இங்கே நினைவூட்டுவது பொருத்தமாகும். முத்துசுவாமி தீக்ஷிதர் தமது முதற் கீர்த்தனத்தைத் திருத்தணிச் சந்நிதியிற் பாடினார் என்பது சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவருடைய தந்தையார் ராமசுவாமி தீக்ஷிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து ஆதரித்தவர்கள் முத்துக்கிருஷ்ண முதலியாரும் அவர் குமாரர் சின்னையா முதலியாரும் ஆவர். கும்பினியாரோடு வியாபாரத் தொடர்பு கொண்டிருந்த அக்குடும்பத்தின் வாயிலாகச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாத்தியக் கோஷ்டி வாசித்ததைக் கேட்க நேர்ந்த தீக்ஷிதர், அந்த மெட்டுக்களுக்கு ஸம்ஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்தார். நொட்டுஸ்வர ஸாஹித்யங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுபவை அவையே. இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீக்ஷிதர் பிடில் என்னும் அந்நிய வாத்தியத்தைக் கற்று, அதனை நம் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். இதற்கு எந்தக் கவர்னரும் உத்தரவு போடவில்லை; எந்த மகாநாடும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒரு தனவந்தரின் ரசனையும், ஒரு வித்வானின் திறந்த காதுமே போதுமானவையாக இருந்தன. மணலி இன்று பெட்ரோலிய ஆலைகளின் ஊராகி விட்டபடியால், அங்கே இப்படியொரு காரியம் நடந்தது என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

ஆனால், இருபதாம் நூற்றாண்டின் முதல் மகா யுத்தம் முடிந்தபோது, இத்தகைய தற்செயலான சந்திப்புக்களை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்ற அபிப்பிராயம் ஐரோப்பிய அறிஞர்களிடையே வலுத்தது. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1922ஆம் ஆண்டு ஜினீவாவிற் கூடிய அறிவுத்துறை ஒத்துழைப்புக் குழுவுக்குத் தத்துவ ஞானி பெர்க்ஸன் தலைமை வகித்தார். ஐன்ஸ்டீனும் மேரி க்யூரி அம்மையாரும் அங்கத்தினர்களாக இருந்தனர். நம் தேசத்து ஜகதீச சந்திர போஸ் அதில் இடம் பெற்றிருந்தார். 1931இல் அந்தக் குழுவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர், 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியிற் பிறந்த ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

ராதாகிருஷ்ணன் வாழ்க்கையை மாணவர்கள் பரீக்ஷைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதனை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. திருத்தணியில் எழுத்தறிந்து, திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என்று ஒவ்வோர் இடமாக உயர்ந்துகொண்டே போன காலத்தில், அவர் பிறந்த ஊரும் தான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பிரயாணம் செய்தது என்பதை மாத்திரம் கவனிக்க வேண்டும். அவர் பிறந்தபோது அது கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்த வடஆர்க்காட்டு ஊர். அவருக்கு இருபத்திரண்டு வயதானபோது, 1911இல், புதிதாக அமைந்த சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் உதயமானபோது ஆந்திரத்துக்குப் போயிற்று. அப்போது அவர் தேசத்தின் உபராஷ்டிரபதி. 1960இல் சென்னைக்குத் திரும்பிற்று. அப்போதும் அவரே உபராஷ்டிரபதி. தெலுங்கு பேசும் குடும்பத்திற் பிறந்து, தமிழ் வழங்கும் ஊரில் வளர்ந்து, ஸம்ஸ்கிருதத்திற் படித்ததை ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர், கிழக்கும் மேற்கும் பேசிக்கொள்ளலாம் என்று நம்பியதில் வியப்பில்லை. எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு அது இயல்பாக வரும் நம்பிக்கை.

ஜினீவாக் குழுவின் காரியங்களில் மிகவும் நிலைத்தது, அறிஞர்களின் கடிதப் போக்குவரத்தைப் புஸ்தகமாக வெளியிட்டதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஐன்ஸ்டீனும் பிராய்டும் யுத்தத்தின் காரணத்தைக் குறித்து எழுதிக்கொண்டவை அவ்வாறு வெளிவந்தன. ரவீந்திரநாத தாகூரும் கில்பர்ட் மர்ரேயும் கிழக்கையும் மேற்கையும் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் 1935இல் அச்சேறின. நான்கே வருஷங்களில் மீண்டும் யுத்தம் மூண்டது. கடிதங்களால் யுத்தத்தை நிறுத்த முடியவில்லை என்று பரிகாசம் செய்தவர்கள் உண்டு. பீரங்கிகளாலும் நிறுத்த முடியவில்லை என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்தார்கள்.

இரண்டாவது யுத்தம் முடிந்து 1945 நவம்பரில் லண்டனில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் சாஸனம் ஏற்கப்பட்டது. மறுவருஷம் நவம்பரில் அது அமலுக்கு வந்தது. இந்தியா சுதந்திரம் அடைவதற்கு முன்பே அதில் அங்கம் பெற்றது. ஆரம்ப முதல் இந்தியப் பிரதிநிதியாகச் சென்றுவந்த ராதாகிருஷ்ணன், 1948, 49ஆம் ஆண்டுகளில் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரானார். 1952இல் பாரிஸிற் கூடிய பொது மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகித்தார். ஜினீவாக் குழுவுக்கும் இந்த ஸ்தாபனத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முன்னதில் அறிஞர்கள் தத்தம் பெயரால் அமர்ந்தார்கள்; பின்னதிலோ ராஜாங்கங்கள் அமர்ந்தன. ஒரு ராஜாங்கத்துக்கு ஒரு வோட்டு. இந்த ஏற்பாட்டினால் தீர்மானங்களுக்குப் பணபலமும் அதிகார பலமும் கிடைத்தன. அதே ஏற்பாட்டினால், சொந்தமாக ஒரு ராஜாங்கம் இல்லாத பாஷைகள் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டாவது விளைவை மனத்திற் கொண்டால்தான், பின்னால் தமிழுக்காக நடந்தவற்றின் நுட்பம் விளங்கும்.

1956 நவம்பர் மாதம் இந்திய சரித்திரத்தில் விசேஷமான மாதம். முதல் தேதியன்று தேசமெங்கும் மொழிவழி ராஜ்யங்கள் அமைந்தன. அந்த மாதத்திலேயே டில்லியில், புதிதாகக் கட்டப்பட்ட விஞ்ஞான பவனத்தில், யுனெஸ்கோவின் ஒன்பதாவது பொது மகாநாடு மௌலானா அபுல் கலாம் ஆஸாத் தலைமையிற் கூடிற்று. ஒரு பக்கம் ஸூயஸ் கால்வாயில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மற்றொரு பக்கம் ஹங்கேரியில் ரஷ்ய டாங்கிகள் நுழைந்திருந்தன. இந்தச் சந்தர்ப்பத்தில்தான், கிழக்கு மேற்கு நாடுகள் பரஸ்பரம் கலாசார மேன்மைகளை உணர்வதற்கான பெருந்திட்டம் ஒன்றைப் பிரதிநிதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 1957 முதல் பத்து வருஷங்களுக்கு அது நடந்தது. அறிஞர்களை நாட்டுக்கு நாடு அனுப்புவது, பாடப் புஸ்தகங்களில் அயல்நாட்டாரைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் அபத்தங்களைத் திருத்துவது, சித்திரக் கண்காட்சிகளும் சங்கீத ஒலிப்பதிவுகளும் பரப்புவது, பேரிலக்கியங்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்து வெளியிடுவது என்று அதன் வேலைகள் விரிந்தன.

உன்னதமான திட்டம், சந்தேகமில்லை. ஆயினும் அதன் பெயரிலேயே ஒரு குறை இருந்தது. கிழக்கு என்று ஒன்று, மேற்கு என்று ஒன்று, இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து பேசப் போகின்றன என்பது போன்ற கற்பனை அதில் அடங்கியிருந்தது. ஆப்பிரிக்கா எங்கே உட்காரும் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கிழக்கின் பெயரால் யார் பேசுவது என்ற கேள்விக்கும் நேரான விடை இல்லை. பெரும்பாலும் உபநிஷத்தும் பௌத்தமும் சீனத்துக் கன்பூஷியமும் அரபியரின் விஞ்ஞானமும் பேசின. பாதகமில்லை, அவையெல்லாம் பேசத் தகுதியுள்ளவையே. ஆனால் இரண்டாயிரம் வருஷ இலக்கியமுடைய தமிழ் அந்தச் சபையில் எங்கே இருந்தது? திருத்தணியிற் பிறந்த மகானின் இந்தியத் தத்துவ சரித்திரத்திலேயே, அவர் ஊர்க் குமரனின் தகப்பனாரைப் பரம்பொருளாகக் கொண்ட சைவ சித்தாந்தத்துக்குக் கிடைத்த பக்கங்கள் சொற்பம். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. உலகத்துக்கு இந்தியாவை எடுத்துச் சொல்ல முற்பட்ட அந்தத் தலைமுறையினருக்கு ஸம்ஸ்கிருதமே இந்தியாவாகத் தோன்றிற்று. அவர் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பிரதிநிதி. விதிவிலக்காகச் சிலவற்றைச் சொல்லலாம். கம்பனுடைய அயோத்தியா காண்டத்தை ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதியது, யுனெஸ்கோவின் பிரதிநிதி இலக்கிய வரிசையில் 1961இல் லண்டனில் வெளிவந்தது. மலையாள நாவலாசிரியர் தகழியின் செம்மீனும் அதே வரிசையில் உலகைச் சுற்றிற்று.

இதற்கிடையில் தமிழ் மண்ணிலேயே, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து, ராஜதந்திரத்தின் வாயிலாக ஒரு காரியம் நடந்துவிட்டது. 1954 நவம்பர் முதல் தேதியன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்கு வந்தபோது, இரு ராஜாங்கங்களும் செய்துகொண்ட ஏற்பாட்டில் வரி, உத்தியோகம், நாணயம் முதலியவற்றுக்குப் பின்னால், கல்யாணச் சீர்வரிசைப் பட்டியலின் கோடியில் எழுதப்படும் குத்துவிளக்கைப் போல, ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் பற்றிய ஷரத்தும் சேர்க்கப்பட்டிருந்தது. அதன்படி 1955இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கியவர் ழான் பிலியோசா. கண் வைத்தியத்திற் பயிற்சி பெற்ற அவர், ஸம்ஸ்கிருதம், பாலி, திபெத்தியம் ஆகியவற்றோடு தமிழையும் கற்றவர். சைவாகம ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்க்கும் பணி அவர் காலத்தில் தொடங்கிற்று. அந்தச் சுவடித் தொகுதியே பிற்காலத்தில், 2005இல், யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றது. நம் வாசகர்களுக்குத் திருத்தணிச் சம்பந்தமான செய்தி ஒன்றையும் சொல்லி வைக்கலாம்: குன்றுதோறாடல் என்று திருத்தணியைக் கொண்டாடுவோருக்கு ஆதாரமான திருமுருகாற்றுப்படையைப் பிரெஞ்சு பாஷையில் மொழிபெயர்த்து, புதுச்சேரியிலிருந்து 1973இல் வெளியிட்டவர் இந்தப் பிலியோசாவே. ஒரு ராஜ்யம் தன் அதிகாரத்தை விட்டுப் புறப்படும்போது பின்னால் வைத்துவிட்டுப் போன வஸ்துக்களில் இதைவிடப் பிரயோஜனமானது வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இனி வேலூர்க்காரரைக் காண்போம். மால்கம் ஆதிசேஷய்யா 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வேலூரிற் பிறந்தார்; சித்தூர் ஜில்லா பிரிவதற்கு அப்போது ஏறத்தாழ ஒரு வருஷம் பாக்கி இருந்தது. லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, யுனெஸ்கோவின் ஆரம்ப காலத்திலேயே அதில் உத்தியோகம் ஏற்று, 1963 முதல் 1970 வரை அதன் உபதலைமை இயக்குநராகப் பணிபுரிந்தார். ராதாகிருஷ்ணன் சபையில் எழுந்து பேசினால் அது கேட்போரைப் பிரமிக்கச் செய்யும். ஆதிசேஷய்யா அப்படிப்பட்டவரல்லர்; எந்தத் திட்டத்துக்கு எந்தத் தலைப்பின் கீழ்ப் பணம் ஒதுக்கலாம், எந்தக் காகிதம் எந்தக் குழுவின் முன் எந்த மாதத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதை அறிந்தவர். கலாசார ஒத்துழைப்பின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சொற்பொழிவுகளையே எடுத்துக் காட்டுகிறார்கள். உண்மையில், இத்தகைய காரியங்களிற் பாதிக்கு மேல் நடப்பது காகிதத்தில்தான்.

அவர் பாரிஸில் அந்த நாற்காலியில் இருந்த சமயத்தில், வாசலில் நின்ற தமிழை உள்ளே அழைத்துச் செல்ல ஒருவர் வந்தார். அவர் இந்தியரல்லர். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இற் பிறந்து, ரோமாபுரியிற் சமயக் கல்வி பெற்றுக் குருப்பட்டம் அடைந்து, திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்துப் பள்ளியில் உபாத்தியாயராக இருந்த காலத்தில் தமிழிலக்கியத்தில் ஆழ்ந்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற தனிநாயகம் அடிகள் அவர். 1952இல் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிய ஆங்கிலக் காலாண்டுப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். தமிழைப் பற்றித் தமிழர்கள் தமிழிலேயே புகழ்ந்துகொண்டிருப்பதால், கேட்பவரும் சொல்பவரும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள் என்ற குறை அவருக்கு இருந்தது. ஊர் ஊராகச் சென்றார். 1554இல் லிஸ்பனில் ரோமன் லிபியில் அச்சான தமிழ்ச் சமய நூலைக் கண்டு எழுதினார். 1679இல் அச்சேறிய அந்தாவோ தெ ப்ரொயென்ஸா பாதிரியாரின் தமிழ், போர்த்துகீசிய அகராதியை மறு அச்சாக 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளிவரச் செய்தார்.

1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை ஆராய்ச்சியாளர்களின் இருபத்தாறாவது சர்வதேச மகாநாடு கூடிற்று. அப்போது ராஷ்டிரபதி பவனத்தில் இருந்தவர் திருத்தணி ராதாகிருஷ்ணன். ஜனவரி 7ஆம் தேதி, அம்மகாநாட்டுக்கு வந்திருந்த தமிழ் அறிஞர்களைத் தனியே ஓர் அறையிற் கூட்டி, அடிகளாரும் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியமும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். பாரிஸ் பிலியோசா தலைவர். ஆக்ஸ்போர்டு பர்ரோ, கலிபோர்னியா எமனோ, லைடன் குய்ப்பர், நம் மு. வரதராசனார் ஆகியோர் துணைத் தலைவர்கள். பிராக் நகரத்துக் கமில் ஸ்வெலபில், அடிகளாரோடு சேர்ந்து செயலாளர். அமெரிக்காவும் கம்யூனிஸ்டு செக்கோஸ்லோவாக்கியாவும் எதிரெதிர் அணிகளில் நின்ற அந்த நாட்களில், அவ்விரு தேசத்து அறிஞர்களும் தமிழ் மன்றத்தின் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கிழக்கு மேற்குப் பெருந்திட்டம் வகுத்தவர்கள் இதைவிடச் சிறந்த கிழக்கு மேற்குச் சந்திப்பு எதனைக் காட்டியிருக்க முடியும்?

அந்தப் பெயர்களில் இரண்டின் பால் நம் எல்லைப்புறத்தார் தனியாக ஒரு வணக்கம் செலுத்த வேண்டும். பர்ரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இல், அதாவது தமிழருக்கும் தெலுங்கருக்கும் எல்லை வகுத்து ஒரு வருஷம் கழிந்தபின், ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. அதிலே தமிழ்ச் சொல் உள்ள பதிவுகளில் அச்சொல் முதலில் நிற்க, அதன் இனமான மலையாள, கன்னட, தெலுங்குச் சொற்கள் வரிசையாகப் பின்தொடர்கின்றன. படாஸ்கர் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்ததை, இவ்விருவரும் சொல் சொல்லாகச் சேர்த்து வைத்தார்கள் என்று கூறினால் மிகையாகாது.

மன்றத்தின் முதல் மகாநாட்டை எங்கே கூட்டுவது என்பதில் அடிகளாரின் சாமர்த்தியம் வெளிப்பட்டது என்பது நம் அபிப்பிராயம். சென்னையிற் கூட்டியிருந்தால், 1965ஆம் ஆண்டு ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் சூடு ஆறாத அந்தச் சமயத்தில், அது டில்லிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள வீட்டுச் சண்டையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்திற் கூட்டியிருந்தால் கொழும்பு சந்தேகித்திருக்கும். அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறைப் பேராசிரியராக இருந்தார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மகாநாடு கூடிற்று. மலேசியப் பிரதம மந்திரி துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் துவக்கிவைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். சென்னை முதலமைச்சர் பக்தவத்சலமும் கலந்துகொண்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு தேசம், தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் மொழி என்ற முறையில் அதற்கு விழா எடுத்த மாத்திரத்தில், தமிழ் ஓர் இந்தியப் பிராந்திய பாஷை என்ற நிலையிலிருந்து பல ராஜாங்கங்களுக்கு உரிய பாஷை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. ராஜாங்கங்களே பேசக் கூடிய சபையில், தனக்கென்று ராஜாங்கம் இல்லாத மொழி நுழைவதற்கு இருந்த வழி இது ஒன்றுதான். தோட்டங்களில் ரப்பர் பால் எடுக்கவும் ரயில் பாதை போடவும் கப்பலேற்றப்பட்ட ஏழைத் தமிழர்கள், தங்களை அறியாமலே தங்கள் மொழிக்குச் சம்பாதித்து வைத்த சொத்து அது.

அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி யுனெஸ்கோ, தன் இருபதாவது வருஷ நிறைவையொட்டி, சர்வதேசக் கலாசார ஒத்துழைப்பின் தத்துவங்களைப் பிரகடனம் செய்தது. ஒவ்வொரு கலாசாரத்துக்கும் மதிக்கப்பட வேண்டிய மேன்மை உண்டு, தன் கலாசாரத்தை வளர்ப்பது ஒவ்வொரு ஜனசமூகத்துக்கும் உரிமையும் கடமையுமாகும் என்பது அதன் முதல் விதியின் சாரம். கிழக்கு, மேற்கு என்ற பேச்சு பின்தங்கி, ஒவ்வொரு கலாசாரமும் என்ற பேச்சு முன்வந்ததைக் கவனிக்க வேண்டும். மறுவருஷம் யுனெஸ்கோ கூரியர் பத்திரிகை தமிழிலும் வரத் தொடங்கிற்று. பின்னாளில் நெடுங்காலம் மணவை முஸ்தபா அதன் ஆசிரியராக இருந்து, விஞ்ஞானத்தையும் சிற்பத்தையும் கடலாராய்ச்சியையும் தமிழில் எழுதலாம் என்று மாதந்தோறும் நிரூபித்தார்.

1968 ஜனவரியிற் சென்னையில் இரண்டாவது மகாநாடு. கோலாலம்பூருக்குச் சென்ற முதலமைச்சர் ஒருவர். சென்னையில் வரவேற்ற முதலமைச்சர் மற்றொருவர், அண்ணாதுரை அவர்கள். ராஷ்டிரபதி ஜாகிர் ஹுசேன் துவக்கிவைத்தார். கடற்கரையிற் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்னும் மூன்று ஐரோப்பியர்களும் அவற்றுள் அடங்குவர். உலகத்தில் வேறெந்த ராஜாங்கமும் தன் கடற்கரையில் அந்நியர் மூவருக்கு, தன் மொழியைக் கற்றார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சிலை வைத்ததாக நமக்குத் தெரியவில்லை. இருந்தாலும், ஊர்வலமும் அலங்கார ரதங்களும் கண்ட பெருங்கூட்டத்துக்கும், மண்டபத்துக்குள்ளே கட்டுரை படித்த சிறு கூட்டத்துக்கும் இடையே அப்போதே ஒரு தூரம் ஏற்பட்டுவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ராஜாங்கம் பணம் கொடுக்கும்போது விழாவும் கேட்கும். அது உலக வழக்கம்.

அந்த மகாநாட்டிற் பேசப்பட்ட யோசனை, யுனெஸ்கோவின் ஊக்கத்தோடு, 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமாக உருவெடுத்தது. தரமணியில் இன்று அது இருக்கிறது. அதே வருஷம் கோடையில் மூன்றாவது மகாநாடு பாரிஸில் நடந்தது. அதே வருஷம் வெனிஸில் கலாசாரக் கொள்கைகளைப் பற்றி மட்டும் ஆராய்வதற்காக ராஜாங்கப் பிரதிநிதிகள் கூடினார்கள். பல நாடுகளின் கொள்கைகளை விளக்கும் யுனெஸ்கோ வரிசையில், இந்தியாவைப் பற்றிக் கபிலா வாத்ஸ்யாயன் எழுதிய சிறு நூல் 1972இல் வந்தது. ஆதிசேஷய்யா அந்த 1970இலேயே பதவியை விட்டுச் சென்னைக்குத் திரும்பினார். ஸ்வெலபில் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை. 1968இல் ரஷ்யப் படைகள் பிராக் நகரத்திற் புகுந்த பின் அவர் தேசத்தை விட்டு வெளியேறி ஹாலந்தில் தங்கினார். அங்கே லைடனில் 1973இல் வெளியிட்ட தமிழிலக்கிய சரித்திரத்துக்கு, முருகனின் புன்னகை என்று பெயரிட்டார். நம் தணிகை மலைத் தெய்வத்தின் பெயர், அகதியான ஒரு செக் அறிஞரின் ஆங்கிலப் புஸ்தகத்து முகப்பில் அச்சாயிற்று.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, பொதட்டூர்பேட்டைப் பள்ளியில் ஒரு பிள்ளை தெலுங்கையும் தமிழையும் சேர்த்துப் படிக்க விரும்பினால், அதற்கு வசதி பெருகவில்லை. நாளுக்கு நாள் குறைந்தது. நகரியிலும் அப்படியே. கோலாலம்பூருக்கும் பாரிஸுக்கும் பாலம் போட்ட ராஜாங்கங்கள், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரோடு பேசுவதற்கு ஒரு பண்டிதர் சம்பளத்தை ஒதுக்க யோசித்தன. தூரத்துக் கலாசாரத்தோடு பேசினால் கீர்த்தி வரும். பக்கத்துக் கலாசாரத்தோடு பேசினால் எல்லைத் தகராறு நினைவுக்கு வரும். இந்தக் கணக்கை யுனெஸ்கோவால் மாற்ற இயலவில்லை. மாற்ற வேண்டும் என்று டில்லியோ சென்னையோ ஹைதராபாத்தோ கேட்கவும் இல்லை. தெருவிலே பாவு இழுப்பவர்கள்தாம், யார் சம்பளமும் பெறாமல், அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நான்காவது மகாநாட்டை அடிகளாரின் சொந்த நாட்டில், யாழ்ப்பாணத்தில், நடத்துவதென்று இலங்கைக் கிளையினர் உறுதி கொண்டார்கள். கொழும்பு ராஜாங்கமோ அது தலைநகரிலேயே நடைபெற வேண்டும் என்று விரும்பிற்று. வெளிநாட்டிலிருந்து வரவிருந்த அறிஞர் சிலருக்கு அநுமதிச் சீட்டு மறுக்கப்பட்டது. ஆயினும் மகாநாடு யாழ்ப்பாணத்திலேயே கூடிற்று. 1974 ஜனவரி 10ஆம் தேதி இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே திரண்டிருந்த ஜனங்கள் மீது போலீஸார் பாய்ந்ததும், உயிர்கள் மாண்டதும், அதன்பின் அந்த நாட்டின் சரித்திரம் திரும்பிய திசையும் தனி அத்தியாயத்துக்கு உரியவை.

(தொடரும்)